வரியும் வதிவும்: வன்னி அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

வரி என்பது அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கோடு அமைந்துவிடும் விடயமன்று. ஓர் அதிகாரம் எவரைத் தனக்குட்பட்டவராகக் கருதுகின்றது என்பதனை வரியே தெளிவாகப் புலப்படுத்தும். நிலமா, வதிவா, குடியுரிமையா, இனப்பிணைப்பா வரிக்கு அடிப்படை என்னும் வினாவுக்கு வரலாற்றின் வெவ்வேறு கட்டங்கள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. புலம்பெயர்ந்தோரின் வரிக்கடப்பாட்டை வன்னிப் பெருநிலப்பரப்பை நிலைக்களனாகக் கொண்டு நோக்கும்போது, இவ்விடைகள் அனைத்தையும் ஒருங்கே காண்கிறோம்.

ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். பிரித்தானியர் அறவிட்ட நெல்வரி 1892இல் நீக்கப்படும்வரை விளைச்சலே வரிக்கு அடிப்படையாயிருந்தது. இவ்விரண்டிலும் வரி மண்ணோடு பிணைந்திருந்தது. மண்ணை விட்டகன்றவனை அது தொடரவில்லை. 1932இல் வருமானவரி இலங்கையில் அறிமுகமானபோதுதான் தனிமனிதனும் அவனது வதிவும் வரியின் மையமாயினர்.

1983இன் பின் பெருகிய புலப்பெயர்வு இம்மாற்றத்தைச் சிக்கலாக்கியது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, மேற்குநாடுகளில் வாழ்ந்த பலர் வன்னிக்கு வந்தனர். அப்போது கிளிநொச்சியை மையமாகக் கொண்டு நிர்வாகம் நடத்திய விடுதலைப் புலிகள் பொருள்கள்மீது வரி அறவிட்டதுடன், வெளிநாடுகளில் வாழ்ந்தோரிடமும் நிதி கோரினர். மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் 2006 மார்ச் அறிக்கை, கனடாவிலும் பிரித்தானியாவிலும் நெருக்குதலுடன் பணம் பெறப்பட்டதையும், ஊர் வந்தோரிடம் அது கேட்கப்பட்டதையும் பதிவுசெய்துள்ளது. இதனைப் பங்களிப்பு என்பதும் கப்பம் என்பதும் அவரவர் அரசியற் சார்பைப் பொறுத்தன. ஆயின், வதிவையோ வருமானத்தையோ அன்றி இனப்பிணைப்பையே கடப்பாடாக்கிய வரி அது என்பதும், செலுத்தியோருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கவில்லை என்பதும் மறுக்கவியலாதன.

இன்றைய சட்டநிலை வேறுவகையானது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டப்படி, இலங்கையில் வதிவோர் உலகளாவிய வருமானத்துக்கும், வதியாதோர் இலங்கையில் எழும் வருமானத்துக்கு மட்டுமே வரிக்குட்படுவர். எனவே, கிளிநொச்சி நகரிலுள்ள கடையொன்றின் வாடகை, அதன் உரிமையாளர் ரொறன்ரோவில் வாழினும், இங்கு வரிக்குரியது. கனடாவில் வதிபவர் அதே வாடகையை அங்கும் காட்டவேண்டும். வருவாய் தரும் வெளிநாட்டுச் சொத்துக்களின் கொள்விலை 1,00,000 கனடிய டொலரை விஞ்சினால் தனி அறிக்கையும் அளிக்கவேண்டும். இருநாட்டு உடன்படிக்கை இரட்டை வரியைத் தணிக்கின்றதேயன்றி இரட்டை அறிக்கையை நீக்குவதில்லை. ஐக்கிய அமெரிக்காவோ, தன் குடிகள் எங்கு வாழினும் வரி அறிக்கை கோருகின்றது.

வரி தேடிவரும் வேகத்தில் உரிமை வருவதில்லை. வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றவர், 1987இல் இடமளிக்கப்பட்ட இரட்டைக் குடியுரிமையைப் பெறாவிடின், சட்டத்தின்முன் அந்நியராவார். 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்நியர் வாங்கும் காணிக்கு நூறு வீத வரி விதித்தது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், சில விலக்குகளுடன், அத்தகைய கைமாற்றத்தையே தடுத்தது. தந்தைவழிக் காணியை மரபுரிமையாகப் பெறலாம், அயற்காணியை வாங்கவியலாது.

எனினும், முரண்பாட்டின் மறுபக்கத்தையும் மனங்கொள்ளல் வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழர் பலர், 1958, 1977 வன்செயல்களின் பின் வன்னிக்கு வந்து கூலி உழைப்பாளராயினர். அவர்தம் வழிவந்தோருள் கணிசமானோர் இன்றும் காணியற்றோரே. நிலத்தில் வாழாதவரிடம் உறுதி இருக்கின்றது; நிலத்தில் உழைப்பவரிடம் அது இல்லை. வருமானவரி அறிக்கையில் இவர்களுக்கு இடமில்லை. ஆயினும் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் மறைமுக வரியை இவர்களே செலுத்துகின்றனர்.

ஆகவே, புலம்பெயர் முதலீட்டுக்கு வரிச்சலுகை கோருவோர், எவருடைய உழைப்பால் அம்முதலீடு விளையும் என்பதையும் சேர்த்தே பேசுதல் வேண்டும். வரி பற்றிய விவாதம் காணி பற்றிய விவாதத்திலிருந்து பிரிக்கப்படுமாயின், அது உடையோரின் கணக்குப் பிரச்சினையாகவே எஞ்சும்.