கட்டமும் காதும்: டி.ஜே. மென்பொருளில் லய ஒத்திசைவின் கதை

டி.ஜே. மென்பொருளில் இருக்கிற 'சிங்க்' பட்டனைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. அதை அழுத்துகிறவன் டி.ஜே.யே இல்லை என்பது ஒரு கட்சி. எந்திரம் செய்யக்கூடியதை மனிதன் ஏன் மாங்கு மாங்கென்று செய்யவேண்டும் என்பது இன்னொன்று. இந்தச் சண்டையில் இரு தரப்புமே ஒரு விஷயத்தைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கின்றன: ஒரு பாட்டுக்கு ஒரு வேகம்தான், அதை நிமிடத்துக்கு இத்தனை அடி என்று ஓர் எண்ணாகச் சொல்லிவிடலாம் என்பது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சண்டையை விட இதுதான் நமக்கு முக்கியம்.

நியூயார்க்கில் மேற்கு 43-ஆம் தெருவில் ஜெர்மன் பாப்டிஸ்ட் சர்ச்சாக இருந்த ஒரு கட்டடம் 'சாங்சுவரி' என்கிற நடனக்கூடமாக மாறியது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பிரான்சிஸ் கிராசோ என்ற டி.ஜே., ஒரு ரிக்கார்டின் அடி மேலேயே அடுத்த ரிக்கார்டின் அடி விழும்படி இரண்டையும் சேர்த்து ஓடவிட்டார். நடனம் அறுபடாமல் போனது. பீட் மேட்சிங் என்பதை ஒரு கலையாக நிலைநாட்டியவர் என்று வரலாறு அவரைத்தான் கைகாட்டுகிறது. ஆனால் அவர் கையிலிருந்த ரிக்கார்டுகளில் வாசித்தவர்கள் ரத்தமும் சதையுமான டிரம்மர்கள். உற்சாகம் வந்தால் கொஞ்சம் ஓடுவார்கள், பாட்டு தணியும் இடத்தில் கொஞ்சம் பின்வாங்குவார்கள். இரண்டு ரிக்கார்டுகளை ஒருமுறை பொருத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காதில் கூடம், விரல் தட்டின் விளிம்பில் என்று கடைசிவரை பேரம் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். ஒத்திசைவு அன்றைக்கு ஓர் உறவு. எண் அல்ல.

எண் பின்னால் வந்தது. டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 டர்ன்டேபிள் 1972-இல் வந்தாலும், 1979-இன் எம்.கே.2 மாடலில்தான் வேகத்தை எட்டு சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்யும் நீள ஸ்லைடர் வந்தது. அடுத்த ஆண்டே, 1980-இல், லின் எல்.எம்.-1, ரோலண்ட் டி.ஆர்.-808 என்று டிரம் மெஷின்கள். 1983-இல் மிடி. ஒரு கால் சுரத்துக்கு 24 துடிப்பு என்று எல்லா எந்திரங்களும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டன. இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும். பாட்டின் வேகத்தை அளக்கும் மென்பொருள் வருவதற்கு முன்பே பாட்டே கடிகாரத்துக்குள் போய்விட்டது. பின்னால் வந்த மென்பொருள் 'கண்டுபிடித்தது' என்று சொல்வதெல்லாம், ஏற்கெனவே உள்ளே வைக்கப்பட்டதைத்தான். தொழிற்சாலைக் கடிகாரம் தொழிலாளியின் காலத்தை எப்படி மாற்றியமைத்தது என்று இ.பி. தாம்சன் 1967-இல் எழுதிய கட்டுரை இங்கே ஞாபகத்துக்கு வருவது தற்செயலில்லை.

இனி மிக்ஸ் பற்றி. ஆங்கிலத்தில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். கிராசோ இறந்த அதே 2001-இல், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் டூ ஹாஸ்டே ஆண்டர்சன் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதைத் தொடங்கினார். டி.ஜே. கருவிகளை வேறெப்படி வடிவமைக்கலாம் என்பது ஆய்வின் அக்கறை. ஜி.பி.எல். உரிமத்தில் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டது. ஆய்வு முடிந்தும் மென்பொருள் சாகவில்லை, தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2013-இன் 1.11 பதிப்பில் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் அடி கண்டறியும் நிரல் சேர்ந்தது. ஒலி திடீரென்று எழும்புகிற இடங்களைத் தேடி, அவற்றுக்குள் ஒழுங்கைத் தேடி, பாட்டின் மேல் ஒரு கட்டம் வரைகிறது அது. கோடு கோடாக, சம இடைவெளியில்.

ஏன் இவ்வளவு துல்லியம் வேண்டியிருக்கிறது? 120 அடி வேகத்தில் ஒரு பாட்டு, 120.1-இல் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் ஒரு முழு அடி விலகிவிடும். ஐந்தாவது நிமிடத்திலேயே ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் விழும். வேகம் சமமானால் மட்டும் போதாது, அடி விழும் கணமும் சேரவேண்டும். 120-ஐ 125 ஆக்கினால் சுருதி முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும், அதையும் தடுக்கவேண்டும். சவுண்ட்டச், ரப்பர்பேண்ட் என்ற திறந்த நிரல் தொகுப்புகள் செய்வது இதைத்தான்.

கட்டத்தின் அரசியல் மென்பொருளின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. 'வேகம் மாறாதது எனக் கொள்க' என்று ஒரு தேர்வு. பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற குறிப்பு. டெக்னோவுக்கு இது நியாயம். ஆனால் பீட் மேட்சிங் எந்த இசையில் பிறந்ததோ, அந்தக் கையால் வாசித்த சோல், ஃபங்க், டிஸ்கோ ரிக்கார்டுகள் இந்தக் கட்டத்துக்குள் நிற்பதில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே கோடு ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம். அப்போது திரையில் 'தவறு' என்று தெரிவது மென்பொருளின் அனுமானம் அல்ல, டிரம்மரின் உடம்பு. நமக்கு உறைக்கவேண்டியது இதுதான்.

2015-இன் கடைசி நாளில் வந்த 2.0 பதிப்பில் 'மாஸ்டர் சிங்க்' சேர்ந்தது. ஒரு தட்டு எஜமான், மற்றவை அதன் வழி நடக்கும். எஜமான், அடிமை என்பது பொறியியலின் பழைய சொல் வழக்கு. பிந்தைய பதிப்புகளில் 'லீடர்' என்று மாற்றிவிட்டார்கள். பேரை மாற்றினால் உறவு மாறிடுமா என்று கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். ஆனால் 2016-இல் வந்த ஏபிள்டன் லிங்க் எஜமானே இல்லாத ஓர் ஒத்திசைவைச் செய்துகாட்டியது. இணைந்திருக்கும் யார் வேகத்தை மாற்றினாலும் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், யாரும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆக எஜமான் என்பது தொழில்நுட்பத்தின் கட்டாயமில்லை, ஒரு தேர்வு.

மிக்ஸின் நிரலைத் திறந்து படித்தால் இன்னொன்று கிடைக்கிறது. இரண்டு பாட்டுகளின் அடிகள் மோதிக்கொள்வதை டி.ஜே.க்கள் 'ரயில் விபத்து' என்பார்கள். அந்தப் பேச்சுவழக்கு நிரலுக்குள் ஒரு மாறிலியின் பெயராகவே நுழைந்திருக்கிறது: விலகல் ஓர் அடியில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் விபத்து. அப்போது என்ன செய்வது? கை மெதுவானது, பட்டனைத் தாமதமாக அழுத்தியிருக்கிறார் என்று எடுத்துக்கொள், ஓடிப் பிடி என்கிற பொருளில் பக்கத்தில் ஒரு குறிப்பு. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. கிராசோவின் கை எதைக் கலையாகச் செய்ததோ அது இங்கே திருத்தப்படவேண்டிய ஊனமாகப் பதிவாகியிருக்கிறது. அதே சமயம், எழுதியவர் மேடையில் கை நடுங்கி நின்ற அனுபவம் உள்ளவர் என்றும் தோன்றுகிறது. அந்த வரியில் கேலியும் இருக்கிறது, பரிவும் இருக்கிறது.

பயனியர் நிறுவனமும் 2012-இல் சி.டி.ஜே.-2000 நெக்சஸ் பிளேயரில் பீட் சிங்க் பட்டனை வைத்தது. அதற்குள் டி.ஜே.யின் கையைப் பற்றி என்ன அனுமானம் இருக்கிறது என்று வாங்கியவர் திறந்து பார்க்க முடியாது. மூலநிரல் திறந்திருப்பதால் விடுதலை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அனுமானம் கண்ணுக்குத் தெரியும், சண்டை போட ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். சண்டை நடக்கவும் செய்தது. வேகம் மாறுகிற பாட்டையே லீடராக வைத்து மற்றவை அதன் ஏற்ற இறக்கத்தோடு போகும் வசதி பின்னால் சேர்ந்தது. 'மாறாதது எனக் கொள்க' என்பதை அணைத்துவிட்டு ஒரு பழைய டிஸ்கோ ரிக்கார்டை மறுபடி அலசவிட்டால், கோடுகள் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் அகன்றும் விழுகின்றன. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு டிரம்மர் கோரஸை நெருங்கும்போது கொஞ்சம் அவசரப்பட்டது அங்கே தெரிகிறது.