கிணறும் அடுப்பும்

திருமுருகன்பூண்டி என்றவுடன், சேரமான் பெருமாள் அளித்த பொருளைச் சுந்தரர் வேடுவரிடம் பறிகொடுத்த புராண வரலாறே நேயர்களுக்கு நினைவிற்கு வரும். அவ்வூரைச் சூழ்ந்த குடியானவர் வீட்டு அடுப்பிற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதியது கிணறு.

கொங்கு நாட்டில் மழை குறைவு. வானம் பார்த்த நிலத்தைக் காடு என்பர். கிணற்றுப் பாய்ச்சல் உள்ளதைத் தோட்டம் என்பர். காட்டில் கம்பு, சோளம், கொள்ளு. தோட்டத்தில் ராகியும் பருத்தியும். எருது பூட்டிக் கவலையால் இறைத்த நீரில் நெல் விளைவிப்பது எளிதன்று. ஆகவே அரிசிச் சோறு நோம்பி நாளின் சிறப்பு. அன்றாடம் கம்பஞ்சோறும் களியும் கொள்ளுப் பருப்புமே.

அந்தக் கம்பஞ்சோறு எளிதில் கிட்டியதா? கம்பை நீர் தெளித்து உரலிற் குத்தி, உமி போகப் புடைத்து, மீண்டும் இடித்து, உலைநீரில் இட்டுக் கிளற வேண்டும். எஞ்சியதை உருண்டையாக்கி நீரில் இட்டால், மறுநாட் காலை மோரிற் கரைத்துப் பருகலாம். உலக்கை பிடித்துப் பிடித்து என் பாட்டியாரின் உள்ளங்கை காய்த்திருந்தது.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் படிப்படியாக மின்மோட்டார் எருதுக்கு ஓய்வளித்தது. மாவு மில் உலக்கைக்கு ஓய்வளித்தது. பனியன் தொழிலின் வாரக்கூலியும் ரேஷன் அரிசியும் சோற்றை அன்றாட உணவாக்கின. கம்பு அருகியது.

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கம்பு மீள்வது நன்றே. ஆனால் அதன் சுவையைப் போற்றுவோர், அதனைக் குத்திய கைகளையும் போற்றுதல் வேண்டும்.