அடுப்புப் புகை எவ்வளவு தூரம் போகும்?

1/ பீடியே தொடாத ஜவ்வாது மலைப் பாட்டிக்கு ஏன் மூச்சு இரைக்குது? பல நேரம் காரணம் விறகடுப்புதான். அந்த மாதிரிப் புகை எங்கே போய்ச் சேருதுன்னு கண்டுபிடிச்ச கதை இது.

2/ வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். ஃபிரிட்ஜில் இருந்த சி.எஃப்.சி. வாயு பூமியைச் சூடாக்கும் என்று 1975-லேயே சொன்னவர்.

3/ 1999-ல் அவரும் நோபல் பரிசு பெற்ற பால் க்ருட்சனும் தலைமையேற்ற 'இண்டோஎக்ஸ்' ஆய்வு, இந்தியப் பெருங்கடல் காற்றை விமானம், கப்பல், மாலத்தீவு ஆய்வுக்கூடம் மூலம் அளந்தது. கடலுக்கு மேலே சுமார் 3 கி.மீ. உயரம் வரை பழுப்புப் புகைமூட்டம்! கடல் உப்பு கொஞ்சம்தான். பெரும்பகுதி விறகு, நிலக்கரி, டீசல்னு நாம எரிச்சதுல வந்த கரியும் சல்பேட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுது, மழையும் குறைவு. அதான் காரணம்.

4/ நல்ல செய்தி: கரித்துகள் ஓரிரு வாரத்தில் படிந்துவிடும். எரிப்பதைக் குறைத்தால் வானம் சீக்கிரம் தெளியும். அதனால்தான் ராமநாதன் பிறகு வட இந்தியக் கிராமங்களில் புகை குறைந்த அடுப்புக்கான 'சூர்யா' திட்டத்தைத் தொடங்கினார்.

5/ வானம் தெளியும். ஆனா நாற்பது வருஷம் புகை குடிச்ச நுரையீரல் பழையபடி ஆகாது. வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ இருமல் விடலையா? சளிப் பரிசோதனையோடு மூச்சுப் பரிசோதனையும் கேளுங்க. டாக்டர் பீடியைப் பத்தி மட்டும் கேட்டா, அடுப்பைப் பத்தி நீங்களே சொல்லுங்க.