பெரியம்மையும் கர்ப்பிணிகளும்: ஒரு சென்னை அட்டவணையின் மறுபரிசீலனை

பெண் சரீரத்தின் ஹார்மோன்கள் வைரஸை எதிர்க்கும் சக்தியை எவ்வாறு மாற்றுகின்றன என்னும் விசாரணை கோவிட் காலத்தில் பிறந்ததென்று பலர் கருதினும், அதற்குரிய முக்கியமான சாட்சியம் ஒன்று 1960களிலேயே சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் திரட்டப்பட்டது. அங்கே பெரியம்மை நோயாளிகளை ஆயிரக்கணக்கில் கவனித்த டாக்டர் ஏ. ஆர். ராவ், கர்ப்பிணிகளுக்கு இந்நோய் இரத்தக்கசிவு வகையாக உருவெடுத்து உயிரைக் கவர்வது மற்றவர்களைக் காட்டிலும் மிக அதிகம் என்பதை 1963இல் சகாக்களுடன் வெளியிட்டார்.

அவதானிப்பில் எனக்கு ஐயமில்லை. அவர் கூறிய காரணத்தோடுதான் உடன்பட இயலவில்லை. குரங்குகளுக்குக் கார்ட்டிசோன் செலுத்தியபின் பெரியம்மை உக்கிரமடைவதை 1968இல் காட்டிய ராவ் குழுவினர், கர்ப்பகாலத்தில் மிகும் அட்ரீனல் ஹார்மோன்களையே குற்றவாளிகளாக நோக்கினர். ஆனால் மருந்தாகப் புகுத்திய கார்ட்டிசோனும் கர்ப்பத்தில் இயல்பாக உயரும் கார்ட்டிசாலும் ஒன்றல்ல. ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் கல்லீரல் மிகுதியாக உற்பத்தி செய்யும் ஒரு புரதம் அந்தக் கார்ட்டிசாலின் பெரும்பகுதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக வைத்திருக்கிறது. கட்டுறாத பகுதியும் பிரசவத்தை நெருங்குகையில் ஓரளவு உயர்வதுண்டாதலால் ராவின் கருத்தை அறவே தள்ளிவிட முடியாது. எனினும் முழுப் பழியையும் அட்ரீனலின் மேல் சுமத்துவது, அதே சரீரத்தில் பன்மடங்கு பெருகி நிற்கும் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் காணாமல் விடுவதாகும்.

இதற்கு ஆதாரமாக, 1972இல் ராவ் வெளியிட்ட நூலின் அட்டவணையில் ஒரு வரிசையை மட்டும் நிதானமாக நோக்குவோம். அதில் கணக்கிடப்பட்ட 6,942 நோயாளிகளில் அம்மை குத்தப்படாதவர் 3,544 பேர், குத்தப்பட்டவர் 3,398 பேர். தட்டைவகை அம்மை முன்னவரில் 6.7 சதவீதம், பின்னவரில் 1.3 சதவீதம்; தடுப்பூசியின் காவல் இங்கே வெளிப்படை. இரத்தக்கசிவு வகையோ முன்னவரில் 2.4 சதவீதம், பின்னவரில் 3.4 சதவீதம். நோயை ஏனைய வகைகளில் தணித்த தடுப்பூசி இவ்வகையில் மட்டும் கைவிட்டதென்றால், பழுது நினைவாற்றல் கொண்ட எதிர்ப்பு அணுக்களில் அன்று, வைரஸ் புகுந்த முதல் நாட்களில் இன்டர்ஃபெரான் முதலியவற்றால் அதை அடக்கவேண்டிய பூர்வாங்கத் தற்காப்பில் நேர்ந்தது என்று அனுமானிக்கிறேன். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அழுத்தமாகத் தலையிடும் களங்களில் ஒன்று அதுவே.

இந்த அனுமானத்துக்கு ஓர் ஆட்சேபமுண்டு. இரத்தக்கசிவு வகை பெரும்பாலும் வயது வந்தோரையே தாக்கியது. அம்மை குத்திய தழும்பு இருந்தோரிலும் சிறுவயதில் குத்திக்கொண்ட பெரியவர்களே மிகுதி என்றால், தலைகீழான அந்த விகிதம் வயதின் நிழலாகவும் இருக்கலாம். ஆயினும் இவ்வாட்சேபம் விகிதம் உயர்ந்ததை விளக்குமேயன்றி, கர்ப்பிணி மட்டும் தனித்துத் துன்புற்றதை விளக்காது. ஆய்வாளர் ஹிரோஷி நிஷியூரா 2006இல் பழைய கொள்ளைநோய்க் குறிப்புகளைத் தொகுத்து, பெரியம்மை கண்ட கர்ப்பிணிகளில் 34.3 சதவீதத்தினர் மாண்டனர் என்று கணித்தார்.

பிற்கால ஆராய்ச்சியும் எளிய விடை தரவில்லை. மிதமான அளவில் ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்புச் சக்தியைக் கூர்மையாக்குகிறது; கர்ப்பகாலத்தின் மிகை அளவில் அதே ஹார்மோன், சிசுவைத் தாயுடல் நிராகரியாதிருக்கும் பொருட்டு, சில தற்காப்புகளைத் தளர்த்துகிறது. பெண் என்பதால் பலம், கர்ப்பிணி என்பதால் ஆபத்து என்னும் இரண்டும் ஒருங்கே உண்மையாவது இதனாலேயாம். பெரியம்மை ஒழிந்துவிட்டமையால் மனிதரிடம் இதனை இனிப் பரிசோதிக்க வழியில்லை. என் வாசிப்பு ராவினுடையதைக் காட்டிலும் பொருத்தமானது என்பதற்குமேல் உரிமை கோரவில்லை.

காரணம் எதுவாயினும், கர்ப்பிணியை முதலில் காக்கவேண்டும் என்பது தண்டையார்பேட்டையிலேயே தெளிவாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2012இல் இன்ஃபுளுயன்சா தடுப்பூசிக்குக் கர்ப்பிணிகளுக்கே தலையாய முன்னுரிமை வகுத்தது. இருந்தும், 2021 ஜனவரியில் நம் நாட்டில் தொடங்கிய கோவிட் தடுப்பூசி, பரிசோதனைகளிலேயே கர்ப்பிணிகள் விலக்கப்பட்டிருந்தமையால், அவர்களுக்கு ஜூலையில்தான் அனுமதிக்கப்பட்டது. செக்கிங்கிலும் கைமடியிலும் பவர் டேபிளிலும் மகப்பேற்று வயதுப் பெண்கள் நிறைந்து உழைக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிகள் இந்தப் பாடத்தை ஏற்க ஆராய்ச்சி முடிவடையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: காய்ச்சல் கண்ட கர்ப்பிணித் தொழிலாளியை ஷிப்டில் நிறுத்திவைக்காமல், கூலி பிடிக்காமல், அன்றே மருத்துவரிடம் அனுப்புக.