மைக்கோ பம்பிலிருந்து இரட்டைக் கம்பிக்கு: பெரம்பலூர், அரியலூர் வண்டிகளின் உள்பேச்சை வெளியார் கேட்கத் தொடங்கிய வரலாறு

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. அங்கே படிந்த சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசின் டான்செம் ஆலை 1979இல் எழுந்தது. பிறகு கோவிந்தபுரத்தில் ராம்கோ, ரெட்டிபாளையத்தில் அல்ட்ராடெக், கீழப்பழுவூரில் செட்டிநாடு, தாமரைக்குளத்தில் டால்மியா, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. கல் ஏற்றும் டிப்பர்களும் சிமெண்ட் மூட்டை லாரிகளும் இந்த வட்டாரத்தின் அன்றாடச் சத்தம். பெரம்பலூரைத் தொட்டுச் செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் டிஎன் 46, டிஎன் 61 எண்பலகைகளை எந்த நேரமும் பார்க்கலாம்.

இந்த வண்டிகளுக்குள் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை, சில நூறு ரூபாய்ப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மாணவரோ ஆட்டோ எலக்ட்ரீசியனோ இன்று கேட்டுவிட முடிகிறது. இந்நிலை எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கதவைத் திறந்தது புகைக்கு எதிரான சட்டம் என்பது என் வாதம். மலிவான பலகைகளும் ஆர்வலர்களின் உழைப்பும் அந்தச் சட்டம் திறந்த வழியில் உள்ளே வந்தவை.

டீசல் லாரிக்கு மூளை என்று ஒன்று இருந்ததென்றால், நெடுங்காலம் அது எஞ்சினுக்கு டீசலைப் பீய்ச்சும் பம்புதான். 1951இல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ, ஜெர்மனியின் பாஷ் குழுமத்தைச் சேர்ந்தது. 2008இல் பாஷ் என்றே பெயரை மாற்றிக்கொண்டது. பட்டறைப் பேச்சில் மட்டும் ‘மைக்கோ பம்பு’ மாறவில்லை. அந்தக் கால மெக்கானிக்கின் அறிவு காதிலும் கண்ணிலும் இருந்தது. கறுப்புப் புகை வந்தால் டீசல் மிகுதி, அல்லது காற்று போதவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. அதற்கும் பிடிபடாவிட்டால் பம்பைக் கழற்றிக் காலிபரேஷன் கடைக்கு அனுப்புவார்கள். வயரிங்கும் அப்படியே வெளிப்படையானது: ஒரு விளக்குக்கு ஒரு கம்பி, ஒரு மீட்டருக்கு ஒரு கம்பி. டெஸ்ட் லேம்ப் ஒன்று கையிலிருந்தால் எந்தக் கம்பியில் கரண்ட் செத்தது என்று கண்டுபிடித்துவிடலாம். இந்த அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூட அதில் தேர்ந்த வல்லுநர்களாக இருந்தார்கள்.

அந்தப் பம்பைத் தந்த அதே பாஷ்தான், கார்களில் பெருகிய கம்பிக் கட்டைக் குறைக்கும் வேலையை 1983இல் எடுத்துக்கொண்டது. 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த பொறியாளர் மாநாட்டில் ஊவ கீன்கே, ஸீக்ஃப்ரீட் டைஸ், மார்ட்டின் லிட்ஷல் ஆகியோர் ‘கேன்’ என்ற முறையை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு இன்டெல் அதற்கான முதல் சில்லைச் செய்தது, பிலிப்ஸ் பின்தொடர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் கார்களில் அது ஓடியது. 1993இல் ஐஎஸ்ஓ 11898 என்ற உலகத் தரமாயிற்று.

இதன் நுட்பம் எளிமையில் இருக்கிறது. முறுக்கிய இரண்டே கம்பிகள். பேச்சில்லாத நேரத்தில் இரண்டிலும் ஏறக்குறைய 2.5 வோல்ட். ஒரு கணினி ‘0’ என்று சொல்ல வேண்டுமானால் ஒரு கம்பியை 3.5க்கு ஏற்றி மற்றதை 1.5க்கு இறக்கும். எல்லாக் கணினிகளும் அதே கம்பியில்தான் தொங்குகின்றன. தலைமை என்று எதுவும் இல்லை. இரண்டு கணினிகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால், சிறிய அடையாள எண் கொண்ட செய்தி தொடர்கிறது. மற்றது தானாக வாய்மூடிக் காத்திருக்கிறது. தகவல் எதுவும் சிதைவதில்லை, நேரமும் வீணாவதில்லை. பிரேக் போன்ற அவசரச் செய்திக்குச் சிறிய எண்ணையும் ஜன்னல் கண்ணாடிக்குப் பெரிய எண்ணையும் கொடுத்துவிட்டால் போதும்.

ஆனால் எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை நிறுவனங்கள் வெளியே சொல்லவில்லை. இன்றுவரை பெரும்பாலும் சொல்வதில்லை. வரலாற்றின் திருப்பம் இங்கேதான் வருகிறது.

காற்று மாசால் திணறிய கலிஃபோர்னியா, 1988 மாடல் கார்களிலிருந்தே எஞ்சின் தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை எரியவிட வேண்டும் என்று விதித்தது. இந்தத் தற்சோதனை முறையின் பெயர் ஓபிடி. 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் ஓபிடி 2 கட்டாயமானது. ஓட்டுநரின் காலருகே 16 முனைகள் கொண்ட ஒரே வடிவப் பொருத்துமுகமும், யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்விப் பட்டியலும் அதனால் வந்தன. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு மின்மொழியில் பதில் சொன்னது. 2008 மாடல் முதல் கேன் மட்டுமே என்று அங்கே முடிவானது.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதியோடு 2010 ஏப்ரலில் ஓபிடியின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2010இல் அவ்விதி பொருந்திய 13 நகரங்களில் சென்னை இருந்தது. பெரம்பலூரும் அரியலூரும் இல்லை. நாடு முழுவதற்கும் அது விரிந்தது 2017 ஏப்ரலில்தான். மூன்றே ஆண்டு கழித்து 2020 ஏப்ரல் 1இல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. மைக்கோ பம்பில் தேர்ந்த கைகள் பழகிக்கொள்ளச் சிற்றூர்களுக்குக் கிடைத்த அவகாசம் இவ்வளவே. இது நியாயமான அவகாசம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பழகிக்கொள்ள உதவியவை வேறு திசையிலிருந்து வந்தன. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்த எல்ம் 327 சில்லு, ஓபிடியின் எல்லா மின்மொழிகளையும் சாதாரண எழுத்தாக மாற்றிக் கொடுத்தது. அதன் முதல் பதிப்பு நிரல் பூட்டப்படாமல் வெளிவந்ததால் நகல்கள் உலகெங்கும் பரவின. இன்று கைப்பேசியோடு இணைத்து ‘ஸ்கேனர் போட்டுப் பார்க்கும்’ சின்னஞ்சிறு கருவிகள் பலவும் அந்த வழிவந்தவை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோ என்ற எளிய நிரல் பலகை பிறந்தது. 2008இல் வோக்ஸ்வாகன் ஆய்வுப் பிரிவு எழுதிய சாக்கெட்கேன் என்ற கேன் மென்பொருள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையத்தில் சேர்ந்தது. மைக்ரோசிப்பின் எம்சிபி 2515 என்ற கேன் சில்லைத் தாங்கிய நீலப் பலகைகள் அஞ்சலில் வீடுதேடி வந்தன. கார்களுக்காகக் கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால்தான் சில்லு மலிவானது.

கேட்கும் முறை இதுதான். பொருத்துமுகத்தின் 6ஆம், 14ஆம் முனைகளில் பலகையை இணைத்து, 7டிஎஃப் என்ற எண்ணில் எஞ்சின் சுற்று என்ன என்று கேட்க வேண்டும். 26, 248 என்று இரண்டு எண்கள் பதிலாக வரும். முதல் எண்ணை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4ஆல் வகுத்தால் 1726. எஞ்சின் நிமிடத்துக்கு அத்தனை முறை சுற்றுகிறது. நான் முதலில் முயன்றபோது இரண்டு நாள் ஓர் எண்கூட வரவில்லை. பலகையில் இருந்த படிகம் 8 மெகாஹெர்ட்ஸ்; நிரல் 16 என்று எண்ணிக்கொண்டு இருமடங்கு பிசகிய வேகத்தில் காது கொடுத்திருக்கிறது. பலகையிலிருக்கும் 120 ஓம் மின்தடையைத் துண்டிக்கவும் வேண்டும். வண்டிக் கம்பியின் இரு முனைகளிலும் ஏற்கெனவே அத்தகைய தடைகள் உண்டு. வண்டி அணைந்திருக்கும்போது மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும்.

லாரியின் கதை வேறு, அரியலூருக்கு முக்கியமானதும் அதுவே. கனரக வண்டிகள் கேன் கம்பிகளின் மேல் ஜே 1939 என்ற மொழியைப் பேசுகின்றன. ஓபிடி விவரங்களைக் கார் கேட்டால்தான் சொல்லும். லாரி கேட்காமலேயே தன் நிலையைச் சொல்லிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில். அதன் அகராதி விலைக்குக் கிடைக்கும் பொதுத்தரம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் மறைபொருள் குறைவு. 61444 என்ற தொகுதியில் எஞ்சின் சுற்று, 65262இல் கூலன்ட் வெப்பம், 65110இல் புகையைத் தூய்மையாக்கும் யூரியாக் கரைசலான ஆட்புளூவின் தொட்டி அளவு. இந்தக் கடைசி எண்ணில் ஒவ்வொரு புள்ளியும் 0.4 விழுக்காடு, 125 என்று வந்தால் தொட்டி பாதி நிறைந்திருக்கிறது.

பாரத் ஸ்டேஜ் 6 டிப்பரில் ஆட்புளூ தீர்ந்தாலோ, தரம் கெட்டாலோ, உணரி பழுதானாலோ முதலில் விளக்கெரியும். பிறகு வண்டி தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். கல் ஏற்றிக்கொண்டு மேடேறும்போது ‘பிக்கப் இல்லை’ என்று ஓட்டுநர் சொல்வதன் பின்னால் இது இருக்கலாம். புகை நிறமோ சத்தமோ இதைக் காட்டிக்கொடுக்காது. தொட்டி உண்மையில் காலியா, உணரிதான் பொய் சொல்கிறதா என்று அறியக் கம்பியைத்தான் கேட்க வேண்டும். சர்வீஸ் சென்டரின் கணினிக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தவணை கட்டும் லாரிக்காரருக்கு நட்டம்.

ஆபத்தும் இங்கே கூடுதல். காரில் 12 வோல்ட், லாரியில் 24. ஓடும்போது 28 வரை போகும். பொருத்துமுகத்தின் நடுப்பள்ளம் இரண்டிலும் வேறு வடிவம். 12 வோல்ட் கருவி லாரியில் நுழையக் கூடாது என்பதற்காகவே அப்படி. தனித்தனிக் கம்பியைச் செருகுபவரை அந்தப் பள்ளம் தடுக்காது. அப்படிச் செருகி நான் ஒரு பலகையை எரித்திருக்கிறேன். லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அன்றைய பெரிய ஆறுதல்.

கேட்பதோடு நிற்க வேண்டும் என்று இத்துறையில் நுழையும் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேன் கம்பியில் பேசுபவர் யார் என்று கணினிகள் பொதுவாகச் சரிபார்ப்பதில்லை. 1980களின் வடிவமைப்பில் அதற்கு இடமே இல்லை. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் ஆகிய இரு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதன்பின் பல கார்களில் பொருத்துமுகத்துக்கும் உட்கம்பிக்கும் இடையே காவல் கணினி ஒன்று உட்கார்ந்துவிட்டது. அத்தகைய காரில் பலகையை மாட்டிவிட்டுச் சும்மா காது கொடுத்தால் ஒரு செய்தியும் வராது. 7டிஎஃப்பில் எஞ்சின் சுற்றைக் கேட்டால், புகைச் சட்டம் விதித்த கேள்வி என்பதால், அதற்கு மட்டும் இரண்டு எண்கள் வருகின்றன.