ஆரணி நெசவாளர் நுகர்வோரா? ஒரு வரையறையின் கதை

போன மாசம் ஆரணி போயிருந்தப்ப, மாமா தறிமேல் இருந்த ஜக்கார்டு பெட்டியைக் காட்டினார். கடன் வாங்கி வாங்கியது. ரெண்டாவது மாசத்திலேயே சில கொக்கிகள் சரியாகத் தூக்கவில்லை. பார்டரில் மயில் கழுத்தில்லாமல் விழுகிறது. விற்றவர் (பேர் வேண்டாம்) ரெண்டு தடவை ஆள் அனுப்பினார், அப்புறம் போனே எடுக்கலை.

"நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே மாமா" என்றேன். "அது வீட்டுக்கு மிக்ஸி வாங்கறவங்களுக்குப்பா. நாம தொழிலுக்கு வாங்கினவங்க" என்றார்.

மாமா சொன்னது சரியா? 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும் படித்தால் சரி மாதிரிதான் தெரியும். மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ பொருள் வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்றது அது. 1993-இல் ஒரு திருத்தம் வந்தது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. விதிவிலக்குக்குள் ஒரு விதிவிலக்கு. எங்க பாஷையில் சொன்னால் நெஸ்டட் இஃப்.

இதற்கு அர்த்தம் சொன்ன வழக்கில் எதிர்த்தரப்பு நம்ம கோயம்புத்தூர் நிறுவனம்தான். லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், உச்ச நீதிமன்றம், 1995. வாங்கிய இயந்திரத்தில் கோளாறு என்று வந்த புகார். வாங்கியவர் தோற்றார், அது வணிக நோக்கம்தான் என்றது நீதிமன்றம். ஆனால் தோற்ற அந்த வழக்கின் தீர்ப்பிலேயே மாமாவுக்கான பதிலும் இருக்கிறது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவரும், லேத் மெஷின் வாங்கித் தானே இயக்கிப் பிழைப்பவரும் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் அந்தத் தகுதி போகாது. மாமா தறியில் உட்காருகிறார், அத்தை நூல் சுற்றுகிறார். வேறு ஆள் கிடையாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த விளக்கத்தை அப்படியே வைத்திருக்கிறது.

மாமாவின் அடுத்த கவலை: "கேஸ்னு போனா அவரோட உறவு முறிஞ்சிடும். இந்த ஊர்லதான இருக்கணும்." இதற்கும் வழி இருக்கிறது. 2019 சட்டம் சமரசத்துக்கு (மத்தியஸ்தம்) தனி அத்தியாயமே வைத்தது. புகாரை ஏற்றபின் முதல் விசாரணையிலேயே, பேசித் தீர்க்க வாய்ப்பிருந்தால் இரு தரப்பின் எழுத்துபூர்வ சம்மதத்தை ஆணையம் கேட்கலாம். 1816-இல் தாமஸ் மன்ரோ முன்னின்று சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த கிராமப் பஞ்சாயத்து ஒழுங்குமுறையும் இரு தரப்புச் சம்மதத்தில்தான் நின்றது. ஒரு முக்கிய வித்தியாசம்: பஞ்சாயத்து தீர்ப்பு சொல்லும், மத்தியஸ்தர் சொல்ல மாட்டார், பேச வைப்பார். ஒத்துவரவில்லை என்றால் வழக்கு ஆணையத்திலேயே தொடரும். கடுமையான மோசடிக் குற்றச்சாட்டு இருந்தால் சமரசத்துக்கு அனுப்ப முடியாது. மாமா சொல்வது மோசடி இல்லை, கோளாறு.

கோளாறா, கையாண்ட விதமா என்று தகராறு வந்தால், ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. திருவண்ணாமலைக்கு அலையாமல் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

கெடு 2 வருஷம். மாமா பெட்டி வாங்கி 14 மாசம் ஆச்சு. பில் எங்கே என்று கேட்டேன். அத்தை எழுந்து போய், அரிசி டப்பா மேலிருந்த பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.