மெமோவுக்கும் ஒரு வரலாறு உண்டு

திண்டுக்கல் பக்கம் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிற நம்ம சனங்களுக்கு இரண்டு எண்கள் மனப்பாடம். ஒன்று ‘பதினேழு ஏ’, இன்னொன்று ‘பதினேழு பி’. எழுதப் படிக்கத் தெரியாத துப்புரவுப் பணியாளர்கூட, “எனக்கு பதினேழு பி குடுத்துட்டாய்ங்க”ன்னு சொல்லும்போது குரல் கம்மிப் போகும். தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் வருகிற எண்கள் இவை. முதலாவது சிறு தண்டனைக்கு, அடுத்தது பெருந்தண்டனைக்கு. மெமோ கொடுக்கிற கை யாருடையது, வாங்குகிற கை யாருடையது என்று நமக்குத் தெரியும். இரண்டு கைக்கும் நடுவில் நின்று பேச ஓர் ஆள் வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நமக்குச் சொல்லப்படவில்லை.

சென்னை மாகாணத்தில் அந்தக் கதை நம்மிடமிருந்தே தொடங்குகிறது. 1919இல் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குப் ‘பாதுகாவலர்’ என்று பாடிசன் என்ற வெள்ளைக்கார அதிகாரியைப் போட்டார்கள். 1920இல் அதே பதவிக்கு ‘லேபர் கமிஷனர்’ என்று பெயர். சேரிக்கு மனைக்கட்டு, கிணறு, பள்ளிக்கூடம் பார்ப்பதும் அவர்தான். ஆலைத் தகராறு பார்ப்பதும் அவர்தான். பெரியவர்கள் வாயில் ‘லேபர் ஸ்கூல்’ என்ற சொல் வந்தது இப்படித்தான். ஆக, இந்த மாகாணத்தில் உழைப்பாளி என்றாலே சேரிக்காரன் என்று சர்க்காருக்கே தெரிந்திருக்கிறது. 1949 வாக்கில்தான் அரிஜன நலத்துறை தனியாகப் பிரிந்தது.

ஆனால் கேட்கிற காதும் உத்தரவு போடுகிற வாயும் ஒரே சர்க்காருடையதாக இருந்தால் என்ன ஆகும்? 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் காட்டியது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. தொழிலாளரில் ஒரு பாதியை மறுபாதிக்கு எதிரே நிறுத்தி வைத்துவிட்டுச் சமாதானம் பேசினார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

இதை மாற்றிப்போட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1942 ஜூலையில் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினரானார். அடுத்த மாதமே அரசு, முதலாளி, தொழிலாளி மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த முத்தரப்பு மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1945இல், அவர் பொறுப்பில் இருந்தபோதே, தலைமைத் தொழிலாளர் ஆணையர் அமைப்பு மத்தியில் உருவானது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் சமரச அதிகாரியை ஊரூராகக் கொண்டுவந்தது.

நகரசபையில் கூட்டுகிறவருக்கு இந்தச் சட்டம் பொருந்துமா? வங்காளத்துப் பட்ஜ் பட்ஜ் நகராட்சி, தலைமை எழுத்தரையும் சுகாதார ஆய்வாளரையும் வேலைநீக்கம் செய்த வழக்கில், பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம். தீர்ப்பு வந்தது 1952 டிசம்பரில். 1960இல் நாக்பூர் மாநகராட்சி வழக்கிலும் அதுவே நிலைத்தது. அரசு ஊழியருக்கோ அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவு: குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, அப்புறம்தான் வேலையைப் பறிக்கலாம்.

இதெல்லாம் ஏட்டில். நடப்பைச் சொல்கிறேன். எங்கம்மா திண்டுக்கல்லுக்குக் கிழக்கே ஓர் அரசு அலுவலகத்தில் பெருக்குகிற வேலை பார்த்தார். 1983இல், எழவுக்குப் போய் மூணு நாள் வரவில்லை என்று மெமோ. மேசை ஓரத்தில் வைத்து, “எடுத்துக்க”ன்னு தள்ளி நின்றுகொண்டார் எழுத்தர். பதிலையும் அவரே எழுதினார். ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று இருந்த தாளில் அம்மா கைநாட்டு வைத்தார். இங்கிரிமெண்ட் கட்.

சங்கத்து அண்ணன் ஒருத்தர் ராத்திரி வீட்டுக்கு வந்து, “ஆத்தா, நீ சொன்னதா இதுல இருக்கு?”ன்னு கேட்டார். “நான் எழவுன்னுதான்ய்யா சொன்னேன்.” அந்த ஒரு வரியை வைத்தே மேல்முறையீடு எழுதினார்: விளக்கம் கேட்பது என்றால் அவள் வாய்ச்சொல்லைக் கேட்பது, அவள் விரலைக் கேட்பது அல்ல. எட்டு மாதத்தில் இங்கிரிமெண்ட் திரும்பி வந்தது. அந்த அண்ணனுக்கு அரசாங்கம் எந்தப் பட்டமும் கொடுக்கவில்லை. ஆனால் அலுவலக உறவு பேணுகிற நிபுணர் என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அந்த வேலையைத்தான் அவர் பார்த்தார்.

அவர் அதிகாரிக்கும் உதவியவர். “சார், இப்படிப் போட்டா கோர்ட்ல நிக்காது. தேதி போடுங்க, சாட்சியைக் கேளுங்க, அவனையும் கேளுங்க”ன்னு மேஸ்திரிக்கும் ஆய்வாளருக்கும் சொல்லிக் கொடுப்பார். விசாரணை இல்லாமல் போட்ட உத்தரவு ரத்தாகும்போது தலைகுனிவது மேலாளரும்தான். விதி இரண்டு பேரையும் காக்கும். ஆனால் வாசிக்கத் தெரிந்த ஆள் நடுவில் வேண்டும்.

இப்போது திண்டுக்கல் மாநகராட்சி. 1866இல் நகராட்சியானது, 2014இல் உயர்ந்தது. ஊர் உயர்ந்த அதே காலத்தில், தமிழ்நாட்டு நகரங்களில் தூய்மைப் பணி ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பதினேழு ஏவும் இல்லை, பியும் இல்லை. “நாளைக்கு வராத” என்ற ஒரு சொல்தான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த பெண்கள் கேட்டதும், தங்களுக்கு முதலாளி யார் என்பதைத்தான்.

மெமோ வந்தால் நம்ம சனங்க பயந்தார்கள். இன்று மெமோகூட வராத வேலையில் நம்ம பிள்ளைகள் நிற்கிறார்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கேட்பதே ஓர் உரிமை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அது சும்மா வந்ததில்லை.